பூட்டையாவின் அசல்

சத்தியம் வாங்கிய அன்று அருளப்பன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். வருவாய்த்துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அருளப்பன். அவர் மனைவி லூர்தம்மாள். அவருடைய தம்பி, சென்னை வார இதழ் ஒன்றில் கேலிச்சித்திரம் போடும் ஞானதாஸ். ஞானதாசின் பள்ளித் தோழர், தோல் வியாபாரி பீர் முகமது. ஐந்தாவது ஆள் கிடையாது. ஆண்டு 1994.

மந்திரிகளைக் கிண்டல் செய்து பேர் வாங்கிய கையோடு, ஞானதாஸ் சிறுவர் பத்திரிகை ஒன்றிலும் படக்கதை எழுத ஆரம்பித்திருந்தார். கதாநாயகன் பேர் பூட்டையா. கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டுகிற மனுஷன். அந்த மாதம் பூட்டையா தன் கொய்யாத் தோப்புக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுப் போக, பக்கத்தில் வேலி இல்லாத இடத்தின் வழியாக ஆடுகள் வரிசையாக உள்ளே போயின. கன்னிவாடியில் அருளப்பனுக்கு இருந்த தோப்பும் கதவும் அப்படியே அச்சாகியிருந்தன. வேலி இல்லாத இடம் உட்பட.

"மந்திரிய வரைஞ்சுக்க. அண்ணன வரைவியாலே? ஊரு பாத்துச் சிரிக்கவா உன்னையப் படிக்க வச்சேன்?"

"சிரிக்கத்தானண்ணே பிள்ளைக அந்தப் புத்தகத்த வாங்குதுக."

"வாய மூடு. யார் கேட்டாலும் பூட்டையா எங்க அண்ணன் இல்லைன்னு சொல்லுவேன்னு மாதா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணு."

"அப்ப வேற யாருன்னு கேப்பாகளே?"

பீர் முகமது காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "என் பேரச் சொல்லிக்கப்பா. எனக்கென்ன கெட்டுப்போகுது?"

ஞானதாஸ் சத்தியம் செய்தார். குடும்ப மானம் தப்பியது என்று அருளப்பன் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

கேட்டவர்களிடமெல்லாம் பீர் முகமதின் பேரையே சொல்லிக்கொண்டு, ஞானதாஸ் அதற்குப் பிறகு சினிமாவுக்குக் கதை வசனம் எழுதப் போனார். 2003இல் பூட்டையா திரைக்கு வந்துவிட்டான். அருளப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மதியக் காட்சிக்குத் தனியாகப் போய் உட்கார்ந்தார். நகைச்சுவை நடிகர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பத்தடி போனார், திரும்பி வந்தார், மறுபடி இழுத்தார். பிறகு வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, நாயிடம் சொல்வதுபோல் பூட்டிடம், "இரு, வாரேன்" என்றார். கொட்டகை அதிர்ந்தது. அருளப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அது அவருடைய இழுப்பு. அவருடைய விரல். நாற்பது வருஷமாக அவர் சொல்லும் சொல்.

வெளியே வந்தால், வாசலில் நின்ற கூட்டம் பீர் முகமதின் ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. "பூட்டையா! பூட்டையா!"

அன்று தொடங்கியது எரிச்சல். டீக்கடையில் பீர் முகமதிடம் காசு வாங்க மறுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. வீட்டுக் கதவை ராத்திரிகூடச் சாத்தாத அந்த மனுஷர் இடுப்பில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். அருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்களுக்கு என்ன வலிக்குது? மானம் தப்பிச்சிருச்சுல்ல?" என்று லூர்தம்மாள் கத்தரிக்காய் வெஞ்சனத்தை அவர் தட்டில் தள்ளினாள்.

மறு வருஷம் ஞானதாசுக்கு ஊரில் பாராட்டு விழா. அண்ணன் என்று அருளப்பனுக்கு முன்வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள். மேடையில் ஞானதாசுக்கு ஒரு மாலை. "பூட்டையாவின் அசல்" என்று சொல்லிப் பீர் முகமதுக்கும் அதே பருமனில் ஒரு மாலை. செய்து காட்டச் சொன்னார்கள். பீர் முகமது இல்லாத பூட்டை இழுத்தார். ஒரே தடவைதான். அப்புறம் இடது கை விரலை நீட்டினார்.

"தப்பு!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. லூர்தம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், அருளப்பன் மேடையேறிவிட்டார்.

"ஏலே தாசு, அன்னைக்கு வாங்குன சத்தியத்த இன்னைக்கு விட்டுட்டேன். சொல்லு. பூட்டையா யாரு?"

"அண்ணே, ஊரு சிரிக்கும்ணே."

"சிரிக்கட்டும். என்னையப் பாத்துச் சிரிக்கட்டும். இவனப் பாத்து எதுக்குச் சிரிக்கணும்?"

ஞானதாஸ் ஒலிபெருக்கியைப் பிடித்து, "எங்க அண்ணன்தான்" என்றார். பத்து வருஷம் அடக்கி வைத்திருந்த சொல். மண்டபம் சிரித்த சிரிப்பில் அருளப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பில் ஒரு துளியைக்கூட அவர் பக்கத்தில் நின்றவருக்கு விடவில்லை.

அருளப்பன் பீர் முகமதின் கழுத்திலிருந்து மாலையைப் பிடுங்கினார் என்று நாகல்நகர் வரைக்கும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிடுங்கவில்லை. அருளப்பன் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். பீர் முகமது தாமே கழற்றி அவருக்குப் போட்டார்.