பத்துப் பேர் எழுந்து நின்ற பாட்டு

என் கணவர் தேவராசா ஒரு பாட்டை முப்பத்தொன்பது வருடங்களாகக் காதலித்தார். என்னை அப்படி ஒரு நாளாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். கோபத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சரி, கோபமும்தான்.

அவர் டென்மார்க்குக்கு வந்த முதல் மாரியில், ஹோர்சன்ஸ் அகதி முகாமிலிருந்து பத்து இளைஞர்களைச் செஞ்சிலுவைக்காரர்கள் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். தாடி வைத்த நான்கு டெனிஷ்காரர்கள் கிற்றாரும் வயலினுமாக அயர்லாந்துப் பாட்டுகள் பாடினார்கள். அதில் ஒன்று ஒரு படகோட்டியைப் பற்றியது. கிளர்ச்சிக்காரரை இரவில் ஆற்றுக்கு அக்கரை சேர்த்தவனை ஆங்கிலேயப் பட்டாளம் பிடித்து, யார் யாரை ஏற்றினாய் என்று கேட்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் சொல்லும் பதில், மீன்தான் ஏற்றினேன் ஐயா என்பதுதான். விடிய அவனைச் சுட்டுவிடுகிறார்கள். முகாமில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து இதையெல்லாம் இவர் காதுக்குள் தமிழில் சொல்லியிருக்கிறார்.

இவருடைய தம்பி கோணேஸ்வரன் கிளாலிக் கடலில் வள்ளம் ஓட்டியவன். இயக்கப் பொடியன்களை ஏற்றி இறக்கினான் என்று ஆமி பிடித்துக்கொண்டு போனது. கடைசிவரை ஒருவருடைய பெயரும் அவன் வாயிலிருந்து வரவில்லை என்று ஊர் சொன்னது. உடல் திரும்பி வரவில்லை. கொள்ளி வைக்க ஒன்றும் இல்லாமல்தான் இவர் விமானம் ஏறினார்.

பாட்டின் பொருள் காதில் விழுந்ததும் இவர் எழுந்து தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். எங்கள் ஆட்கள் அப்படித்தான், போராடிச் செத்தவர்களுக்கான பாட்டை இருந்துகொண்டு கேட்பதில்லை. மற்ற ஒன்பது பேரும் எழுந்தார்கள். மேடையில் நின்ற பாடகர் பாட்டை நிறுத்தாமலே ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய், பிறகு அதை நீட்டினாராம். வெள்ளைக்காரன் தன் தம்பிக்கு மரியாதை செலுத்திவிட்டான் என்று இவருக்கு அழுகை வந்துவிட்டது. கோணேசுக்கு நடந்த ஒரே செத்தவீடு அதுதான் என்று சொல்வார்.

நான் டென்மார்க்கில் வந்து இறங்கிய அன்றே, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் இந்தக் கதையைச் சொன்னார். கோல்டிங்கிலிருந்து உறவுக்காரர் வந்தாலும் கதை, குழாய் திருத்த ஆள் வந்தாலும் கதை. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் முப்பது வருடம் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே கத்தி பிடித்தார். அந்தக் குழு அந்தப் பாட்டை இசைத்தட்டாகப் போடவேயில்லை. அதை நம்பாமல் இவர் பழைய சாமான் சந்தைகளில் பெட்டி பெட்டியாகக் கிளறி, தூசியோடும் தும்மலோடும் வீடு வந்து சேருவார். வேறு ஆட்கள் பாடியதைப் பிள்ளைகள் தேடிக்கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். அவங்கள் பாடினது போல வராது என்பார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். கோணேஸ் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. பொறுக்காதது வேறு.

முள்ளிவாய்க்காலில் என் தம்பி பரமானந்தம் போனான். கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. அவனுக்கும் உடல் இல்லை. இங்கே வீட்டில் அந்திரட்டிக் கிரியை செய்து ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தேன். அன்றைக்கும் இவர் படகோட்டிக் கதையைத்தான் எடுத்தார். இண்டைக்காவது என்ர தம்பியைப் பற்றிக் கதைக்கக்கூடாதோ என்று கேட்டேன். பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"வரிசையில நிண்டு செத்தவனுக்கு ஆர் பாட்டுப் படிக்கிறது?"

நான் பாயாசம் பரிமாறினேன். அதற்குப் பிறகு பரமுவின் பெயரை அந்த வீட்டில் நான் எடுக்கவில்லை. செத்தவர்களை எடை போட்டு வைக்கும் தராசாக அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

போன வைகாசியில் இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகள் நிலக்சி ஒரு மண்டபம் எடுத்து, புரொண்பி, கோல்டிங் ஆட்களையெல்லாம் அழைத்து விருந்து வைத்தாள். அப்பாவுக்கு ஒரு பரிசு என்று யாரிடமும் சொல்லாமல் அந்தப் பாடகரையே தேடிப் பிடித்துவிட்டாள், கெட்டிக்காரி. பெயர் பௌல். எண்பதை நெருங்கியவர், தாடி வெளுத்திருந்தது. கிற்றாரோடு அவர் உள்ளே வந்ததும் இவர் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அந்த மனிதரின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பௌல் நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும். பாடுவதற்கு முன் சிரித்த முகத்தோடு ஒரு பழைய பகிடி சொன்னார். அது எங்கள் யூலாந்துப் பக்கத்துக் கிழவர்களின் பேச்சு, பாதியை விழுங்கிப் பாதியைத்தான் வெளியே விடுவார்கள். இவருடைய டெனிஷ் கத்தியைத் தா, பெட்டியைத் தூக்கு என்ற அளவோடு நின்றுவிட்டது. நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, பல்லில்லாத வாய்களுக்குக் காது கொடுத்தே வயதானவள். எனக்கு ஒரு சொல் தப்பவில்லை.

அது எங்களுடைய பியர்ப் பாட்டு என்றார் பௌல். மீன்தான் ஐயா என்ற இடம் வந்ததும் சனம் கிளாசால் மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும், அதற்காகவே பாடுவோம். அன்றைக்குப் பார்த்தால் இரவல் சட்டை போட்ட பத்துத் தமிழ்ப் பொடியன்கள் திடீரென்று எழுந்து தலையைக் குனிந்து நிற்கிறார்கள். பாவம், மூத்திரம் முட்டிவிட்டது, நடுவில் வெளியே போக வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கக்கூஸ் அந்தப் பக்கம் என்று காட்டினேன். ஒருவரும் போகவில்லை. கடைசிவரை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அதிலிருந்து எங்கள் குழுவில் யாருக்காவது முட்டினால், எனக்குத் தமிழன் வருகிறது என்றுதான் சொல்லுவோம்.

இங்கே பிறந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் என் மகன் கஜதீபன்தான் அதிகம் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. நிலக்சி மட்டும் பாதியில் நிறுத்தி, முகம் வெளிறி, குசினிப் பக்கம் போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்ததால் விளங்காத பெரியவர்களும் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் இவர்தான். "பாத்தியளே, இவ்வளவு காலமும் எங்களை மறக்கேல்லை" என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார்.

பௌல் கிற்றாரை எடுத்து, மேசையில் தட்ட வேண்டிய இடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பாடத் தொடங்கினார். இவர் என் பக்கம் சாய்ந்து, என்ன சொன்னார், ஒன்றும் விடாமல் சொல்லு என்றார். உங்களை எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தாராம் என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. அந்தப் பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் முந்திவிட்டார்.

"வடிவாக் கேட்டனியோ? உனக்கு உதுகள் எங்க விளங்கப்போகுது."

எனக்கு நன்றாகத்தான் விளங்கியது. நான் அவர் காதோடு வாயை வைத்து, முதல் சொல்லிலிருந்து தொடங்கினேன். பியரைச் சொன்னேன். கிளாசைச் சொன்னேன். நெற்றிக்குப் போன கை எதைக் காட்டியது என்று சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மூன்று முறை மேசைகள் அதிர்ந்தன, சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தேன். தமிழன் வருகிறது என்பதைச் சொல்லி முடிக்கும்போது பாட்டும் முடிந்திருந்தது. காலமெல்லாம் தேடிய பாட்டில் ஒரு வரிகூட அவர் காதுக்குள் போகவில்லை, நான் போக விடவில்லை. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், தொண்டைவரை இனித்தது.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தீபன் ஏன் சிரிச்சவன்?" என்று மெல்லக் கேட்டார்.

"பகிடிதானே. உங்கட பிள்ளைக்கு விளங்கினது, சிரிச்சவன்."

மண்டபம் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று டெனிஷில் கத்தியது. பௌல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு இறங்கி வந்தார். விழா நாயகருக்கு விருப்பமென்றால் திரும்பப் பாடுவதாகச் சொல்லி, குனிந்து இவர் முகத்தைப் பார்த்தார். இவர் வாயைத் திறந்தார், டெனிஷ் வரவில்லை. மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இஞ்சேர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லி என்னைக் கூப்பிடாதவர்.

"மலர்," என்றார், "போதும் எண்டு சொல்லு."

நான் பௌலைப் பார்த்துச் சிரித்தேன். இவருக்குக் கேட்க வெட்கம், ஆனால் நல்ல விருப்பம், கட்டாயம் பாடுங்கள், இந்த முறை இன்னும் பலமாகத் தட்டச் சொல்லுங்கள் என்று தெளிவான டெனிஷில் சொன்னேன்.

கிழவர் மகிழ்ந்துபோய் மேடைக்குத் திரும்பினார். கஜதீபன் மேசையிலிருந்த கோப்பைகளை ஒதுக்கி, இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டான்.