சாரதாமணிக்கு விழுந்த மாலை

ராசிபுரத்தில் நெய்க்கடை குமாரசாமியின் மகள் சாரதாமணிக்கு, சென்ற ஆடியிலிருந்து படத்துக்குப் படைத்த சோறுதான் பசியாற்றுகிறது. கையால் அள்ளித் தின்றால் எவ்வளவு தின்றாலும் வயிறு காலியாகவே கிடக்கும்.

எல்லாம் அவளுடைய அப்பாவுக்காக நடந்தது. எண்பதைத் தாண்டியதும் குமாரசாமிக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்து, கடைசியில் மனைவி ராஜம்மாளின் முகமும் போயிற்று. கைக்குழந்தையாக இருந்த மகன் சிவக்குமாரை விட்டுவிட்டு அந்தக் காலத்திலேயே இறந்துபோனவள். ஒரு படம்கூட இல்லை. "மூஞ்சி மறந்து போச்சு சாமி. அங்க போயி அவளை எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று கிழவர் சோற்றைத் தள்ளிவிட்டு அழுதார். தம்பியையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டே கல்யாணம் தள்ளிப்போன சாரதாமணி, அம்மாவை உரித்துவைத்தவள் என்பது உறவில் எல்லாரும் சொல்வது. அவள் சேலம் அஸ்தம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். அங்கே கௌதமனின் ஸ்டூடியோவில், கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைப் பழைய காலத்து ஆட்கள் போலப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். தூண் வரைந்த படுதா, சிங்கமுக நாற்காலி, பாடாத கிராமபோன். கௌதமன் அவள் நரையை மையால் மறைத்து, ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தான்.

"பாதி மூஞ்சி இருட்டுல இருந்தா வயசு தெரியாதுங்க. சிரிக்காதீங்கக்கா, அந்தக் காலத்துல யாரும் போட்டோவுக்குச் சிரிக்கலீங்க."

"இந்தக் காலத்துல மட்டும் நான் எங்க கண்ணு சிரிச்சேன்?"

படத்தைப் பார்த்ததும் குமாரசாமி "அட, ராஜம்மா!" என்றார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். பிறகு முகம் சுளித்து, "செத்தவளை மாலையில்லாம மொட்டையாவா மாட்டுவாங்க?" என்று அதட்டினார். சிவக்குமாரின் மனைவி சரிதா கையில் சரத்தோடு தயங்கினாள்.

"உசுரோட இருக்கறவங்களுக்கு ஆகாதுங்கக்கா."

"அப்பன் பாக்கறாரு. போடு."

மறுநாள் காலையிலிருந்து பசி. இட்லி குண்டானே காலியாகியும் அவளுக்குக் கண் இருண்டது. சேலத்து டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார், அது உண்மைதான். ஆடி அமாவாசைக்கு வடை பாயசத்தோடு படத்தின் முன் இலை போட்டபோது, அடுக்களையில் சாரதாமணி பெரிதாக ஏப்பம் விட்டாள். அதன்பின் மூன்று வேளையும் படையல். மாலையைக் கழற்றிப் பார்த்தார்கள். கிழவர் தண்ணீரும் குடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாரதாமணியே மறுபடி மாட்டினாள். தை பிறக்குமுன் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசியாக அவருக்குப் பால் ஊட்டியவள் அவள்தான். "நீ யாரு சாமி? எங்க ராஜம்மா அந்தா நிக்கறா, அவளைக் கூப்பிடு" என்றார். அவள் போய்ப் படத்தடியில் நின்றாள். அவர் அவளுக்கு மேலே பார்த்துச் சிரித்தார்.

இனித் தீர்ந்தது என்று காரியம் முடிந்ததும் படத்தை இறக்கிப் பீரோவில் வைத்தார்கள். அவளுக்குக் கைச்சோறும் ஒட்டவில்லை, படையலும் வந்து சேரவில்லை, மயங்கி விழுந்தாள். அதே ஆணியில் மாட்டினார்கள். பக்கத்தில் அப்பாவின் படம்.

இப்போது சரிதா இரண்டு இலை போடுகிறாள். ரசம் ஊற்றியதும் அடுக்களையிலிருந்து, "உப்பு கம்மி" என்று குரல் வரும். ஆரம்பத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள்: "நாளைக்குச் சரியாப் போடறேனுங்கக்கா."