இருபத்தைந்தாயிரம் பொயின்ட்ஸுக்குத் திருச்சி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண், பக்கத்திலிருந்தவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்த கதை. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கடன் அட்டை, பொயின்ட்ஸ், பை நிறையக் காசு, பொலிஸ்! இதற்கு மேல் ஓர் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்? "பையைத் திறந்து பாத்த உடனை அவன்ரை முகம் போன போக்கு!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். ஜீப்பில் ஏற்றியது வரை சொன்னாள், அந்த நேரம் பார்த்துக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரம் வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

பின்னால் ஓடியிருக்கலாம். ஓடாதபடியால் மீதியை நானே எழுதவேண்டியிருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "2007 மார்கழியின் பனி, அம்பிட்டிய மலைச்சரிவில் மெல்ல மெல்ல..." வேண்டாம். இந்தக் கதையில் பனிக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்தது: "யுத்தம் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டப்பட்ட..." இதுவும் வேண்டாம். யுத்தம் அழையாமலே வரும்.

மூன்றாவது: "மங்களேஸ்வரியின் கடன் அட்டை தேய்படாத கடை கண்டியில் இல்லை." ஆ! இது சரி. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

3

மங்களேஸ்வரியின் கடன் அட்டை தேய்படாத கடை கண்டியில் இல்லை. பேராதனை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, ஐம்பத்திரண்டு வயது, ஊர் யாழ்ப்பாணம், இருப்பது அம்பிட்டியவில் வாடகை வீட்டில். சம்பளத்தில் பாதி ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போய்விடும். ஆகவே அந்த அட்டையில் அவள் தனக்கென்று வாங்கியது மிகக் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் யாராவது குளிர்ப்பெட்டி வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கூடவே புறப்பட்டுவிடுவாள். கடையில் அட்டையை அவள் நீட்டுவாள், வாங்கியவர் காசை அவள் கையில் தருவார், அவள் மறுநாளே வங்கியில் கட்டிவிடுவாள். பொருள் அவர்களுக்கு, பொயின்ட்ஸ் அவளுக்கு. நூறு ரூபாவுக்கு ஒரு பொயின்ட். கூட வேலை செய்யும் கமலம் தையல் மெஷின் வாங்கிய அன்று, கமலத்தை விட மங்களேஸ்வரிக்குத்தான் முகம் நிறையச் சிரிப்பு.

(இப்படி ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு என் மைத்துனியை நினைத்துக்கொண்டேன். சந்தேகம் போய்விட்டது.)

கணவர் தியாகராஜா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஒற்றைத் தாளில் கோடு போட்டுக் கணக்கு எழுதி வைத்திருந்தார். வங்கியிடம் பொயின்ட்ஸைக் கொடுத்துத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் எடுத்தால், ஒரு பொயின்ட் வெறும் இருபது சதம் பெறும். திருச்சிக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு ரூபா நாற்பது. சிங்கப்பூர் என்றால் ஒன்று எண்பது.

"சிங்கப்பூர்தானப்பா கெட்டிக்காரத்தனம்," என்றார் அவர்.

"சிங்கப்பூரிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. ஆனால் பெறுமதி கூட."

"அப்ப நீங்கள் உந்தப் பெறுமதியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ. நான் அக்காவிட்டைப் போறன்."

அக்கா சிவமணி 1990இல் படகேறித் திருச்சிக்குப் போனவள். பதினேழு வருடம். இடையில் தொலைபேசி மட்டும். இப்போது மகன் அவளைக் கனடாவுக்கு எடுக்கிறான். ஜனவரி இருபதாம் திகதி பயணம். கனடா என்றால் எத்தனை பொயின்ட்ஸ் என்று மங்களேஸ்வரி விசாரித்தாள். அந்தத் தொகையைக் கேட்டபின் அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

திருச்சிக்கு இருபத்தைந்தாயிரம். அவளிடம் இருந்தது இருபத்தோராயிரத்து இருநூறு. அதுவும் டிசம்பர் முப்பத்தொன்றோடு காலாவதி. மூன்று வருடம் ஊரெல்லாம் திரிந்து சேர்த்தது!

(காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். தியாகராஜாவும் கேட்டார். முப்பத்தையாயிரம் ரூபா, அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். வீட்டில் அவ்வளவு காசு இருந்ததில்லை.)

4

மூவாயிரத்து எண்ணூறு பொயின்ட்ஸுக்கு மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபா செலவழிக்கவேண்டும். இரண்டு கிழமைக்குள் அவ்வளவு காசை யார் செலவழிப்பார்? அடுத்த வீட்டு றம்லத்! மகளுக்குத் தை மாதம் கல்யாணம், நகை எடுக்க நான்கு லட்சம் வைத்திருந்தாள்.

"ஒங்கட பொயின்ட்ஸ் எனக்கு வெளங்கல்ல," என்றாள் றம்லத். "ஆனா ஒங்கட ராத்தாவப் பாக்க ஏலும் எண்டா சல்லிய எடுத்துக்கோங்க. எனக்கு நகை வந்தாச் சரி."

அட்டையின் எல்லை ஒன்றரை லட்சம்தான். அதற்கும் வழி இருந்தது: காசை முன்கூட்டியே அட்டைக்குள் கட்டிவிட்டு, பிறகு நகைக்கடையில் தேய்ப்பது. டிசம்பர் பதினெட்டாம் திகதி காலை றம்லத் நேரே நகைக்கடைக்குப் போனாள். மங்களேஸ்வரி நான்கு லட்சத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மேலே இடியப்பப் பார்சலை வைத்து மூடிக்கொண்டு வங்கிக்குப் புறப்பட்டாள்.

கெட்டிக்காரிதான். ஆனால் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். அது 2007. அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். இடியப்பத்தைத் தூக்கிய பொலிஸ்காரனின் முகம் போன போக்கை நான் சொல்லத் தேவையில்லை. அதோடு முடியவில்லை. பையில் ஒரு கொப்பியும் இருந்தது. தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். "பரமநாதன், 680. கமலம், 240. இராமையா, 415. இன்னும் 3,800 தேவை. கடைசி நாள் டிசம்பர் 31. ஜனவரி 12, திருச்சி."

அந்தக் காலத்தில் அப்படி ஒரு கொப்பியை வாசிக்கக் கேட்ட எந்தப் பொலிஸ்காரனும் குளிர்ப்பெட்டியை நினைக்கமாட்டான். புலிகளுக்குக் காசு சேர்க்கிறவள் என்று முடிவுகட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த ஜீப்பில் அவள் அக்காவை நினைக்கவில்லை. "ஐயோ, றம்லத்தின்ரை காசு, பிள்ளையின்ரை கல்யாணம்" என்றுதான் நினைத்தாள்.

5

பஸ்ஸில் நான் கேட்டது இவ்வளவுதான். இனி என் பொறுப்பு.

முடிவு அ: அவளை மூன்று மாதம் வைத்திருக்கிறார்கள். இதை ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். அப்படி உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள், வராமலே போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையை இடியப்பத்தோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர, கதை சொன்னவள் பஸ்ஸில் சிரித்தாளே! (நம் நாட்டில் எதற்குத்தான் சிரிக்கமாட்டோம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும்.)

முடிவு ஆ: நகைக்கடையில் காத்திருந்து பார்த்துவிட்டு, தேடிக்கொண்டு றம்லத் வருகிறாள். கல்யாண அழைப்பிதழும், எடுத்துவைத்த நகைக்கான கடைச் சிட்டையும் கையில். பொலிஸ் நிலையத்தில் நின்று சிங்களத்தில் ஒரு பிடி பிடிக்கிறாள். "அது என்ட மகள்ட நகைச் சல்லி சேர்! இவ பொயின்ட்ஸ் பைத்தியம், வேற ஒண்டுமில்ல!" இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பொயின்ட்ஸ் என்றால் என்ன என்று மங்களேஸ்வரியையே கேட்கிறார். அவள் உடைந்த சிங்களத்தில் விளக்கத் தொடங்குகிறாள். விளக்க விளக்கப் பயம் போய் உற்சாகம் ஏறுகிறது. கேத்தல் எடுக்கிறவன் மடையன் என்கிறாள். இன்ஸ்பெக்டர் மெல்லத் தன் பேர்ஸைத் திறந்து அதே வங்கியின் அட்டையை மேசையில் வைக்கிறார்.

"எனக்கும் இருக்குமா?"

"எவ்வளவு காலமாப் பாவிக்கிறீங்கள் சேர்?"

"நாலு வருஷம்."

"கடவுளே! ஒருக்காலும் எடுக்கேல்லையா?" என்று தலையில் கைவைக்கிறாள். இன்ஸ்பெக்டர் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போடுகிறார்.

(இன்ஸ்பெக்டரின் அட்டை என் கற்பனை. சந்தேகமே வேண்டாம். ஆனால் எழுதியபோது நானே மேசையைத் தட்டிச் சிரித்தேன். அதனால் முடிவு ஆ-வையே வைத்துக்கொள்கிறேன்.)

ஒன்றேமுக்காலுக்கு வெளியே விட்டார்கள். காசு ஒரு தாள் குறையாமல் திரும்பியது. இடியப்பம் மட்டும் திரும்பவில்லை. இரண்டு பெண்களும் வங்கிக்கு ஓடினார்கள், பிறகு நகைக்கடைக்கு. அட்டையைத் தேய்த்த மெஷின் யோசித்தது, யோசித்தது, கடைசியில் கடதாசியைத் துப்பியது. றம்லத்துக்கு நகை வந்தது. கிழமை முடிவில் பொயின்ட்ஸ் ஏறியது. பன்னிரண்டாம் திகதி விமானத்தில் பொயின்ட்ஸுக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை அவளுக்கு நான் கொடுத்தேன். வேறு யாருக்குக் கொடுக்க?

தியாகராஜா தன் தாளை எடுத்துத் திருச்சிக்கு நேரே இருந்த ஒரு ரூபா நாற்பதை வெட்டினார். வேறு தொகை எழுதப் பேனையை வைத்தார். எழுதவில்லை. "கவனமாப் போட்டு வாரும்," என்றார்.

6

இப்போது திருச்சி விமான நிலையம். கம்பிக்கு அந்தப் பக்கம் சிவமணி. இந்தப் பக்கம் பெட்டியோடு மங்களேஸ்வரி. முதலில் என்ன பேசுவார்கள்?

"மெலிஞ்சு போனாய்." அழித்துவிட்டேன், இருவரும் நன்றாகப் பருத்திருக்கிறார்கள்.

"அம்மா எப்பிடி இருக்கிறா?" அழித்துவிட்டேன், பாதை பூட்டியதிலிருந்து மங்களேஸ்வரியும் அம்மாவைப் பார்க்கவில்லை.

"வந்திட்டியா, என்ரை..." இதற்கு மேல் எழுத முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

ஆகவே பேனையை உங்களிடம் தருகிறேன். உங்களுக்கும் இப்படிப் பதினேழு வருடம் பார்க்காத ஒருவர் இருப்பார், உங்களுக்குத் தெரியும். எழுதுங்கள். ஆனால் என்னைப் போல அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இருபதாம் திகதி கனடா விமானம். அவர்களுக்கு இருப்பது எட்டு நாள்தான், இருவரும் இன்னும் பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.