மின்சாரம் இல்லாத நேரத்தில் அக்கா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்திலிருந்து வந்தது. எதற்குப் பயப்படுகிறோமோ அதை எழுதிவிட்டால் பயம் போய்விடும் என்று யாரோ சொல்ல, நானும் நம்பித் தொலைத்தேன். முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. பயம் போன பாடில்லை. கூடவே கதையும் முடியாமல் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

“அந்தச் செம்புக் கம்பியை அவர்கள் கழற்றிக்கொண்டு போன நாளில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரமாக நின்று”

வேண்டாம். அன்றைக்கு மழையே இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயில். கதை என்றதும் மழையைக் கூப்பிட்டுவிடுவது என் கெட்ட பழக்கம்.

[அக்கா: கெட்ட பழக்கம்னு தெரியுதுல்ல? அப்ப அடிச்சுட வேண்டியதுதானே. இதைப் போய் அச்சுல விடுவியாடி?]

சதுர அடைப்புக்குறிக்குள் பேசுகிறவள் என் அக்கா. அவள் தொழிலே பிழை திருத்துவது. பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களை வீட்டில் இருந்தபடியே கணினியில் வாசித்துத் திருத்தி அனுப்புவாள். ஊரின் ஒரு கோடியில் அவள், மறு கோடியில் நான். இரண்டு பேர் திரையிலும் ஒரே கோப்பு திறந்திருக்கும். நான் இங்கே தட்டத் தட்ட அங்கே அவளுக்குத் தெரியும், அவள் குட்டுவது உடனுக்குடன் எனக்கு வலிக்கும். வழக்கமாக அவள் குறிப்புகளை நீக்கிவிட்டுத்தான் கதையைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். இந்த முறை விட்டுவைக்கப் போகிறேன், ஏனென்றால் கதையே அவளைப் பற்றியது.

[அக்கா: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?]

2

பழைய தொலைபேசி இணைப்புகளை, அதாவது செம்புக் கம்பியில் வருபவற்றை, இந்த வருடத்துக்குள் நிறுத்திவிடப் போவதாக அரசு அறிவித்தது. எல்லோரும் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறியாக வேண்டும். தொலைபேசி, இணையம், படம் எல்லாம் இனி அதில்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். சில மாதங்களாகச் சாப்பாட்டோடு இந்த விவாதத்தையும் சேர்த்தே மென்றுகொண்டிருந்தோம்.

மூன்றாவது ஆள் அண்ணன். அக்காவுக்குத் தம்பி. பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், யாராவது பதில் பேசினால் அவனுக்குத் தூக்கிவாரிப் போடும்.

“உலகமே மாறிடுச்சுக்கா. நீ மட்டும் அந்தக் கம்பியைக் கட்டிக்கிட்டு அழு.”

“நான் எங்கடா அழுதேன்? அது பாட்டுக்கு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கா? உன் வீட்ல ஒரு படம் இறங்கறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சுடுது.”

“உனக்கு முடி எங்க இருக்கு?”

“பேச்சை மாத்தாதே. வேணாம்னா அப்பவே சொல்லியிருக்கணும். அரசாங்கம்தான் பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்டுச்சே.”

“எங்க கேட்டுச்சு?”

“இணையத்துல.”

“இணையமே வேணாம், இருக்கற போன் போதும்ங்கறவங்ககிட்ட இணையத்துல போய்க் கேட்டாங்களாக்கும்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சண்டையில் நாங்கள் பேசாத விஷயமே இல்லை என்று நினைத்தோம். எந்த நிறுவனம் மலிவு, எது அடிக்கடி படுத்துவிடும், இணைப்புப் பெட்டியைக் கூடத்தில் வைப்பதா படுக்கையறையிலா, எல்லாம் பேசினோம். அக்காவின் கழுத்தில் தொங்குவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அக்காவுக்கு வலிப்பு வரும். வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரப்பர் கருகுகிற நாற்றம் அடிக்கும், அவளுக்கு மட்டும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் கழுத்தில் தொங்கும் பட்டனை அழுத்திவிட்டால், கூடத்தில் இருக்கும் ஒரு பெட்டி தொலைபேசி வழியாக உதவி மையத்தைக் கூப்பிடும். அங்கிருந்து ஒரு பெண் பெட்டி வழியாகவே பேசுவாள். பதில் இல்லையென்றால் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு எங்களுக்கும் சொல்வார்கள். அக்கா தனியாக இருப்பது அந்தப் பட்டனை நம்பித்தான். இதுவரை இரண்டு தடவை அது அவளைக் காப்பாற்றியிருக்கிறது.)

[அக்கா: மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்குன்னு நான் சொன்னதையும் எழுது. அப்புறம் ‘காப்பாற்றியது’ன்னு ரொம்ப நாடகமா எழுதாதே. கீழே விழுந்தேன், வந்து தூக்கினாங்க. அவ்வளவுதான்.]

நாக்கைக் கடித்து, மண்டை உடைந்து, மூச்சு அடைக்கிற நிலையில் தூக்கினார்கள். அவ்வளவுதான்.

3

இதெல்லாம் வெறும் குடும்பச் சண்டைக் கதையாகத்தான் இருந்தது. வேடிக்கையான ஒரு கதையை எழுதி, அண்ணனைக் கொஞ்சம் வாரிவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அக்கா வீட்டில் கண்ணாடி இழை இணைப்புக்கான புதுப் பெட்டியும் வந்துவிட்டது. அதில் எரிகிற விளக்கு பச்சையா நீலமா என்று ஒரு வாக்கியத்துக்காகத் தெரிய வேண்டியிருந்தது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போய்த் தேடினேன். விளக்கின் நிறத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்ததும் நிறத்தை மறந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். செம்புக் கம்பி தொலைபேசி நிலையத்திலிருந்து போனுக்கு வேண்டிய கொஞ்சம் மின்சாரத்தைத் தானே கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஊரே இருட்டானாலும் பழைய தொலைபேசி பேசும். கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. புதுப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், பெட்டியோடு தொலைபேசியும், தொலைபேசியோடு பட்டனும்.

கைபேசி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அக்கா இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். சுவர்கள் அவ்வளவு கனம், உள்ளே சிக்னல் எட்டிப்பார்க்காது. அவள் கைபேசியும் அந்தப் பெட்டியின் வைஃபையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறது.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். “பட்டன் எங்களோடது இல்லைங்க மேடம். பட்டன் கம்பெனியக் கேளுங்க.” பட்டன் நிறுவனத்துக்குப் போட்டேன். “லைன் இருந்தா பட்டன் வேலை செய்யும் மேடம். லைன் இருக்குமான்னு லைன் கம்பெனியக் கேளுங்க.” இரண்டு பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. அரசு விதி ஒன்று இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வருகிற ஆள், வீட்டில் தொலைபேசியை நம்பி வாழும் நோயாளி யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் கரண்ட் போனாலும் பெட்டியைத் தாங்குகிற பேட்டரி ஒன்றை இலவசமாக வைத்துவிட்டுப் போக வேண்டும். அக்கா வீட்டில் நான் பேட்டரி எதையும் பார்த்ததாக நினைவில்லை.

4

ஆகவே கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தான், இணைப்புக் கொடுக்க வந்த ஆள். அன்றைக்கு நான் அங்கே இல்லை, அதனால் கற்பனைக்குத் தடை எதுவும் இல்லை. இப்படி எழுதினேன்:

“அவன் உள்ளே வரும்போதே கைபேசியில் யாரிடமோ வழக்கடித்துக்கொண்டு வந்தான். சுவரில் துளை போட்டான். தூசியைத் தரையிலேயே விட்டான். விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை.”

எழுதிவிட்டுத் திருப்தியாக நிமிர்ந்தேன். எல்லாப் பழியையும் அந்த ஆள் தலையில் போட்டாகிவிட்டது. அக்காவின் பெயருள்ள சின்ன வட்டம் திரையின் மேல் ஓரத்தில் இருந்தது. அப்படியென்றால் அவளும் படித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு,

[அக்கா: கேட்டான்.]

கேட்டானா?

[அக்கா: “வீட்ல உடம்பு முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களா மேடம்”னு கேட்டான். தூசியையும் அவனே கூட்டிட்டுத்தான் போனான். பாவம், அவனை ஏன் இழுக்கறே?]

நீ என்ன சொன்னே?

[அக்கா: இல்லைன்னுட்டேன்.]

கதைக்கு நடுவில் இப்படி அரட்டை அடிப்பதற்கு வாசகர் மன்னிக்க வேண்டும். ஏன் என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டினேன்.

[அக்கா: பட்டனைச் சட்டைக்குள்ள தள்ளிவிட்டுட்டு நின்னுக்கிட்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துட்டுத்தான் “நீங்கதான் நல்லா இருக்கீங்களே மேடம்”ங்கற மாதிரி கேட்டான். நம்ம வீட்ல என்னை அப்படி யாருடி பாக்கறீங்க? நான் குளிக்கப் போனாக்கூட நீ கதவுக்கு வெளியே நிக்கறே. கொஞ்ச நேரம் நல்லா இருக்கறவளா இருந்துட்டுப் போறேனேன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்.]

கோபப்பட நினைத்தேன், அழுகைதான் வந்தது.

5

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார் என்றேன். வேலை செய்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

[அக்கா: மாட்டேன்.]

ஏன்க்கா?

[அக்கா: இப்ப எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் நிம்மதியா தூங்கறேன். அணைச்சுப் பார்த்து அது பேசலைன்னு வை, அப்புறம் ஒவ்வொரு தடவை விளக்கு மினுக்கும்போதும் நான் சாகணும்.]

சரி, பேட்டரியாவது கேட்டு வாங்கு. நான் பேசட்டுமா?

[அக்கா: நானே பேசறேன். நாளைக்கு. நீ முதல்ல கதையை முடி. என்னைக் கொன்னுடாதே, அவ்வளவுதான் கேக்கறேன். அப்புறம் மூணாவது பகுதியில ‘செத்துவிடும்’னு வருது, ‘நின்றுவிடும்’னு மாத்து. படிக்க ஒரு மாதிரி இருக்கு.]

மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

6

முதல் முடிவு:

“மின்சாரம் போயிற்று. அவள் பட்டனை அழுத்தினாள். பெட்டியிலிருந்து அதே பெண் குரல், ‘சொல்லுங்க, என்ன உதவி வேணும்?’ என்றது. இணைப்புக் கொடுத்த ஆள் அவள் சொன்னதை நம்பாமல், புதுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பேட்டரியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.”

[அக்கா: நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பய நம்ப மாட்டான்.]

எனக்கும் தெரியும். பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுப் பார் என்றேன். சுவர்தான் இருக்கிறது என்றாள்.

இரண்டாவது முடிவு:

“மின்சாரம் போயிற்று. மின்விசிறி மெல்ல நின்றது. எங்கோ ரப்பர் கருகுகிற”

இதற்கு மேல் எழுத முடியவில்லை. கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் எழுத முடியவில்லை.

[அக்கா: ஏன் நிறுத்திட்டே? எழுதுடி. அந்த நேரத்துல நான் என்ன பண்ணுவேன்னு எனக்கும் தெரிய வேணாமா? யோசிச்சுப் பாத்தா, நான் முதல்ல

7

மேலே இருப்பது அச்சுப்பிழை இல்லை. அங்கேயே நின்றுவிட்டது.

திரையின் ஓரத்தில் இருந்த அவள் வட்டம் மறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அக்கா திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டு நான் பார்த்ததே இல்லை.

கைபேசிக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். வீட்டுத் தொலைபேசிக்குப் போட்டேன், மணிகூட அடிக்கவில்லை. உதவி மையத்தைக் கூப்பிட்டேன். அவளிடமிருந்து எந்த அழைப்பும் வரவில்லை என்றார்கள். நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் அனுப்புங்கள் என்றேன். அழைப்பு வராமல் அனுப்ப முடியாது, மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

அண்ணனைப் பிடித்தேன். பின்னால் பல் குடைகிற இயந்திரத்தின் சத்தம்.

“அவ ஏரியால கரண்ட் போயிருக்கு. மின்வாரியத்துலேர்ந்து தகவல் போட்டிருக்கான். அதான் லைன் இல்லை. பயப்படாதே.”

“அண்ணா, அதுக்குத்தான் பயப்படறேன். அங்க பேட்டரி இல்லை.”

“என்னது?”

“அக்கா வேணாம்னு சொல்லிட்டா. அந்த ஆள் கேட்டதுக்கு, யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா.”

இயந்திரத்தின் சத்தம் நின்றது. என் அண்ணன் வாயடைத்துப் போய் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு, “நான் கிளம்பறேன், நீயும் கிளம்பு” என்றான். அவனும் என்னைப் போலவே தூரத்தில்தான் இருக்கிறான்.

வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கரண்ட் போனதால் மட்டும் அவள் பேசாமல் இருக்கலாம். மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவள் சும்மா இருந்தாலும் விழுந்து கிடந்தாலும் இங்கே எனக்கு இரண்டும் ஒன்றுதான், எதுவுமே கேட்பதில்லை. பழைய கம்பி இருந்தவரை மணியாவது அடிக்கும். எடுக்காவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று தெரியும். இப்போது அதுவும் இல்லை.

இந்தக் கோப்பை இப்படியே பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புகிறேன். அங்கே போய்க் கதவைத் திறந்த பிறகு, நல்லதோ கெட்டதோ, இதை என்னால் தொட முடியாது. நல்லதாக இருந்தால் இதைக் கதை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். மற்றதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

ஆகவே முடிவு உங்கள் கையில். நீங்கள் என்ன எழுதினாலும் நான் குறுக்கே வர மாட்டேன். கரண்ட் எப்போது வருகிறது, யார் முதலில் போய்ச் சேருகிறார்கள், நாற்றம் அடித்ததா இல்லையா, எல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவளை அடுப்பங்கரையில் நிற்கவைக்காதீர்கள். குளியலறையும் வேண்டாம், அங்கே தரை வழுக்கும். அவள் வேலை செய்கிற மேஜைக்கு முன்னால் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதில் உட்காரவைத்து எழுதுங்கள்.