மூன்று மில்லிமீற்றர்

தங்கை ஆரணி பள்ளிக்கூடத் துப்பாக்கி சுடும் அணியில் சேர்ந்தபோது, துப்பாக்கி வீட்டுக்கு வராது என்று தெரிந்த பிறகுதான் அம்மா சம்மதித்தார். அதைப் பள்ளிக்கூடத்திலேயே பூட்டி வைப்பார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தவை மற்றச் சாமான்கள்தான்: பழைய மாணவி ஒருத்தி கொடுத்த கன்வஸ் ஜக்கெற், விரல் பிரிந்த கையுறை, ஒரு தொப்பி.

அவற்றை நான் திருத்தினேன். ஓஎல் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு நேரம் இருந்தது. ஜக்கெற்றின் முழங்கையில் உரிந்துபோன இறப்பருக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். கையுறையைத் தூண்டில் நூலால் தைத்தேன். குறி பார்க்காத கண்ணை மறைக்கும் தட்டை மாஜரின் டப்பா மூடியில் வெட்டித் தொப்பியில் கொழுவினேன். அது மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் அகலக்கூடாது. ஆரணி கொண்டுவந்த விதித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் அளந்தேன்.

அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, பயிற்றுநர் றெஜி சேர் யார் செய்தது என்று கேட்டாராம். கொட்டாஞ்சேனையில் அவருடைய கழகத்தில் இருபது ஜக்கெற்றுகள் கிழிந்து கிடக்கின்றனவாம். மாகாணப் போட்டியின் உபகரணச் சோதனையில் ஆரணியின் சாமான்கள் தேறினால், அக்காவைச் சனிக்கிழமைகளில் வரச்சொல் என்றாராம். யாரும் என்னை எங்கேயும் வரச்சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

போட்டிக்கு முதல்நாள் நான் பாமன்கடைப் பக்கம் ஒரு வேலையாகப் போய்வந்தபோது, ஜக்கெற் பொலித்தீன் உறைக்குள் மடித்தபடி இருந்தது. வேர்வை நாற்றத்தோடு போகக்கூடாது என்று தோய்த்து அயன் பண்ணிவிட்டதாக அம்மா சொன்னார். நான் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் நானும் அம்மாவும் ஆரணியோடு போனோம். சோதனை மேசையில் அவள் அதை விரித்தபோது மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. அந்த மணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் அம்மா ஆரணியின் வெள்ளை யூனிபோமைத் தோய்த்தெடுக்கும் சோற்றுக் கஞ்சி.

துணியை ஒரு கருவியில் வைத்து அமத்துவார்கள். மூன்று மில்லிமீற்றராவது குழிய வேண்டும். விறைத்த ஜக்கெற் உடம்பை அசையாமல் தாங்கும், அது களவு. எங்களுடையது ஒன்றரைதான் குழிந்தது. தைத்தவள் நல்ல கெட்டிக்காரி என்று அதிகாரி சிங்களத்தில் நக்கலாகச் சொன்னார்.

றெஜி சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுல என்னம்மா பூசின?"

அம்மா பக்கத்திலேயே நின்றார்.

"இவள்தான் சேர் எல்லாம் ஒட்டித் தைச்சது," என்றார் அம்மா. "நான் அப்பவே சொன்னனான், உதுகளை நோண்டாதை எண்டு."

கஞ்சிதான் காரணம் என்று அம்மாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஆரணிக்கு விளங்கியது. அவள் கொலரை மூக்கருகில் கொண்டுபோனதை நான் கண்டேன். பிறகு அதை என் கையில் தந்துவிட்டு, வேறொரு பிள்ளையிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு சுட்டாள். மூன்றாவதாக வந்தாள். தேசியப் போட்டிக்கு எடுபட்டாள்.

றெஜி சேர் அவளுக்குக் கைகொடுத்தார். என்னிடம், "களவு வேலை நமக்குச் சரிவராது மகள்," என்றார். அதில் கோபம்கூட இல்லை.

பஸ்ஸில் ஆரணி என் காதுக்குள் சொன்னாள்: "சேரிட்டைச் சொல்லிப்போடாதை அக்கா. கஞ்சி போட்டதெண்டா ரீமில எல்லாரும் அம்மாவைப் பகிடி பண்ணுவினம்."

"அப்ப நான்?"

"உன்னை அங்க ஆருக்குத் தெரியும்?"

வீட்டில் ஜக்கெற்றை நாலு தண்ணீரில் அலசினேன். முதல் வாளி பால்போல வெளுத்தது. காய்ந்த பிறகு ஜாம் போத்தலின் வாயில் விரித்து, நடுவில் இரும்புப் பூட்டை வைத்து அளந்தேன். ஏறக்குறைய நாலு மில்லிமீற்றர் குழிந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை. கழகம் ஆரணிக்குப் புதியது கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை அம்மா கஞ்சி வாளியை என் முன்னால் வைத்தார். "சும்மாதானே இருக்கிறாய். யூனிபோமுக்காவது உன்ர கை உதவட்டும்."

தோய்த்துப் பிழிந்து, பல்கனிக் கொடியில் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தேன்.