விரல் பட்ட வெள்ளி

பழைய நாணயங்களை ஏலம் விடும் அந்த நிறுவனத்தில் எல்லோரும் அவளை லென்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற பெண்களுக்குக் கழுத்தில் சங்கிலி தொங்கும் இடத்தில் அவளுக்குக் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி தொங்கும். ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. "வந்த வரனையெல்லாம் அந்தக் கண்ணாடி வெச்சுப் பார்த்தா எவன் தேறுவான்?" என்று தம்பி மனைவி கேலி செய்வாள். அதில் பாதி உண்மை இருந்ததால் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

கடல் தாண்டி வந்து ஆண்டவர்கள் அடித்துவிட்டுப் போன வெள்ளிக் காசுகள்தான் அவளுடைய பிரிவு. ஆண்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவர்களுடைய ராஜா ராணித் தலைகளுக்கு மட்டும் இன்னும் கிராக்கி குறையவில்லை. வாங்க வருகிறவர்களுக்கு அவள் முதலில் தரத்தைக் காட்டுவாள். ராணியின் கூந்தல் இழை இழையாக நிற்கிறதா, மழுங்கி வழுக்கையாகிவிட்டதா என்று. "சரி, ரெண்டும் ஒரே தரம்தானே, அப்புறம் ஏன் இதுக்கு மட்டும் இவ்வளவு விலை?" என்று கேட்பார்கள். "எடுப்பு சார். இதைப் பார்த்ததும் கை தானா போகுது பாருங்க. அது சும்மா கிடக்கு." அதற்கு மேல் பூர்வீகம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல மனிதர் ஒருவருடைய பெட்டியில் இருந்து வந்தது என்று தெரிந்தால் சுமாரான காசுக்கும் மவுசு கூடிவிடும். "என்னம்மா இது, பொண்ணு பார்க்கிற மாதிரி இருக்கே!" என்றார் ஒருவர். "அதைவிட நியாயமா பார்ப்போம் சார்," என்றாள் அவள்.

சர்வேயர் முதலில் ஃபோன் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ரயிலேறிப் போக வேண்டிய தூரத்தில் வேறொரு ஊர். விற்பனைப் புத்தகத்தில் இருந்த ஒரு ராணிக் காசைப் பற்றிக் கேட்டார்.

"தரம் அதிலேயே போட்டிருக்கே சார்."

"போட்டிருக்கீங்க. பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுக் காட்டிட்டான். அது எப்படி இருக்குன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குக் கண்ணு போயிடுச்சும்மா. வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு தெரியும், அவ்வளவுதான்."

அவள் காசைக் கையில் எடுத்து விளக்கின் கீழ் சாய்த்தாள்.

"ஓரத்துல நீலம் சார். உள்ளே வர வர ஊதாவாகுது. மழை விட்டதும் ரோட்டுல எண்ணெய் சிந்தியிருக்குமே, அந்த மாதிரி, ஆனா அழுக்கில்லாம. ராணி கன்னத்துல மட்டும் எந்த நிறமும் ஏறலை. அந்த இடம் வெறும் வெள்ளி. யாரோ இப்பதான் முகம் கழுவிட்டு வந்த மாதிரி இருக்கு."

"எனக்கு அது வேணும்," என்றார் அவர்.

மரப்பெட்டியிலும் பழைய தாளிலும் ஒரு தலைமுறை தூங்கினால்தான் வெள்ளிக்கு அப்படி நிறமேறும். செயற்கையாகக் கொண்டுவந்தால் கண்டுபிடித்துவிடலாம். போனால் திரும்பாது. அதனால் ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புகிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை. "உறைக்குள்ள இருந்தா எனக்கு அது பட்டன் மாதிரிம்மா."

"அப்ப ஓரத்தை மட்டும் பிடிங்க. முகத்துல விரல் படக்கூடாது. விரல்ல இருக்கிற எண்ணெயும் உப்பும் நிறத்தைத் தின்னுடும்."

"ஓரத்தைத்தான் பிடிப்பேன். சத்தியமா."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஃபோன் வந்தது. காசு வாங்கினாலும் வந்தது, வாங்காவிட்டாலும் வந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே மகள் வெளிநாட்டில். மலை உச்சியில் சங்கிலி பிடித்து அளந்த கதைகளை அவர் சொல்வார். இவள் பேருந்தில் வரும்போது பார்த்ததைச் சொல்வாள்: கண்ணாடிக் கடை வாசலில் இறக்கி வைத்த ஆளுயரக் கண்ணாடியில் தெருவே தலைசாய்ந்து தெரிந்தது, தையல்காரர் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே யாரோடோ சண்டை போட்டது. முன்னெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறவள், இப்போது வெள்ளிக்கிழமைக்கென்று பார்க்கத் தொடங்கினாள்.

"அண்ணி, உங்க ராஜா ராணிக்காரர் பேசியாச்சா?" என்று தம்பி மனைவி கண்ணைச் சிமிட்டுவாள்.

"போடி, வாடிக்கையாளர்."

"நம்ம வீட்டுக்குப் பால் ஊத்தறவரும் வாடிக்கைதான். அவர்கிட்டப் பேசிட்டு வந்து நான் தலை வாரிக்கிறதில்லை."

நேரில் வாருங்கள் என்று அவரும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. வருஷங்கள் இப்படியே ஓடின.

ஒரு திங்கட்கிழமை, பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். சர்வேயரின் மகள். "அப்பாவை என்கூடவே கூட்டிட்டுப் போறேன். தனியா இருந்து ரெண்டு தடவை விழுந்துட்டார். இதையெல்லாம் ஏலத்துல விட்டுடுங்க. உங்ககிட்டத்தான் கொடுக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னார்."

லென்ஸக்கா தலையாட்டினாள். மூன்று நாள் முன்புதானே பேசினார்? குண்டூசிக் கதைக்கு அப்படிச் சிரித்த மனிதர் இதைப் பற்றி மூச்சு விடவில்லையே.

மகள் போனதும் பெட்டியில் இருந்த நாணயத் தட்டுகளைத் திறந்தாள். முக்கால்வாசிக் காசுகள் அனுப்பியபடியே இருந்தன. அந்த முதல் ராணியை எடுத்து விளக்கில் சாய்த்தாள். நீலம் இல்லை. ஊதாவும் இல்லை. கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பலும் பழுப்புமாக ஒரு திட்டு. கன்னத்து மேடு தேய்ந்து வழுவழுவென்று மின்னியது. அதே கதியில் இன்னும் மூன்று காசுகள் இருந்தன. எவை என்று பார்த்தாள். பெரிய விலை கொடுத்தவையும் அல்ல, உயர்ந்த தரமும் அல்ல. அவள் நேரம் போவது தெரியாமல் ஃபோனில் வர்ணித்த காசுகள் அவை. இரண்டு வரியில் சொல்லி முடித்தவற்றை அவர் தொட்டதாகவே தெரியவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு அந்த நான்கையும் தனியே எடுத்து வைத்தாள்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "அடப்பாவமே. மருந்துல ஒரு முக்கு முக்கி எடுத்தா பளிச்சுன்னு ஆயிடும்ல?"

"கழுவின காசு கழுவின காசுதான் சார். நான் அப்படித்தான் எழுதுவேன்."

"சரி தாயே. அப்ப பூர்வீகத்தை வெச்சு ஓட்டு. கண் தெரியாதவர் சேர்த்த காசுன்னு கொட்டை எழுத்துல போடு. ஜனங்க உருகிடுவாங்க."

"அவரைக் கேட்காம போட மாட்டேன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதல் தடவையாக அவளே ஃபோன் செய்தாள்.

"போறதை என்கிட்டச் சொல்லவேயில்லையே சார்."

"வாய் வரலைம்மா. ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேன். நீங்க தையல்காரரைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க."

"காசையெல்லாம் பார்த்தேன். முகத்துல விரல் வெச்சிருக்கீங்க."

"தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

அவர் திருடன் அகப்பட்டதுபோலச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "நீங்க சொன்ன நீலம் எங்க முடியுது, ஊதா எங்க ஆரம்பிக்குதுன்னு தேடினேன். விரலுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் தினமும் தேடினேன். விலை விழுந்திடுச்சா?"

"பாதிக்கும் கீழ. கண் தெரியாதவர் சேர்த்ததுன்னு போட்டா ஏறும்னு முதலாளி சொல்றார்."

"விழட்டும். அந்த நாலையும் விக்க வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க. அப்புறம், கண் தெரியாதவன்னு எல்லாம் போட வேண்டாம். சர்வேயர்னு போடுங்க. அளந்து வாங்கினான்னு இருக்கட்டும்."

"அனுப்பலை. நானே எடுத்துட்டு வர்றேன்," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலிறங்கி அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். கூடமெல்லாம் அட்டைப்பெட்டிகள். படம் மாட்டியிருந்த இடங்களில் சுவர் வெளுப்பாக இருந்தது. திரைச்சீலை கழற்றிய ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். சட்டையின் மேல் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்தார். மகள் தேநீர் கொடுத்துவிட்டு, சாமான் ஏற்றும் வண்டிக்காரரைப் பார்க்கக் கீழே போனாள்.

நான்கு காசுகளும் இருந்த உறையை அவர் கையில் வைத்தாள். அவர் ராணியை எடுத்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கு? மழுப்பாம சொல்லணும்."

"நடுவுல சாம்பல் பூத்திருக்கு. கன்னம் மட்டும் மினுமினுக்குது. ஓரத்துல, எழுத்துக்குப் பின்னாடி, நகம் போகாத இடத்துல கொஞ்சம் நீலம் ஒட்டிட்டு இருக்கு."

"எடுப்பா இருக்கா?"

"கடைக்காரியா கேட்டா, இல்லை."

அவர் தலையைச் சாய்த்தார். "நீங்க எப்படி இருப்பீங்கன்னு இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை."

"அதை மட்டும் கேட்காதீங்க சார். கூட்டிச் சொல்லிடுவேன்."

"குறைச்சே சொல்லுங்களேன்."

அவள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "காதோரம் நரை. மூக்குல கண்ணாடி அழுத்தின தழும்பு. சிரிச்சா ஒரு பக்கம் குழி விழுதுன்னு சொல்லுவாங்க. சிரிக்கும்போது நான் கண்ணாடி பார்த்ததில்லை."

"விழும்," என்றார் அவர். "ஃபோன்லயே கேட்கும்."

கீழே வண்டியின் கதவு திறக்கும் சத்தம் வந்தது. இப்போது விட்டால் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு சார்? ஆனா சொல்லாம திரும்பிப் போனா எனக்குச் சோறு இறங்காது. போகாதீங்க."

அவர் காசைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். எங்கே நீட்டுவது என்று தெரியாமல் அது ஜன்னல் பக்கம் போயிற்று. அவள் எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"போய்த்தான் ஆகணும்மா. குளிக்கப் போனாலே விழறேன். உங்களுக்கு ஒரு பாரமா வந்து நிக்க மாட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொன்னீங்களே."

"ஆமா."

"யாராவது ஒருத்தர் சொல்லணும்னு காத்துட்டு இருந்தேன்," என்றார். மகள் படியேறி வரும்வரை கையை அவர் விடவில்லை. வந்த பிறகும் உடனே விடவில்லை.

அவர் விமானம் ஏறிய அடுத்த வாரம் ஏலம் நடந்தது. 'சர்வேயர் தொகுப்பு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். யார் அந்த சர்வேயர் என்று விசாரித்து விசாரித்தே கூட்டம் சூடேறியது. சுமாரான காசுகளுக்குக்கூடக் கை மேல் கை உயர்ந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஒரு புதுச் சேகரிப்பாளர் தான் வாங்கிய காசை ஏந்திக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார்.

"இந்த சர்வேயரை உங்களுக்குத் தெரியுமாமே? எப்படிப்பட்டவர்? பூர்வீகம் தெரிஞ்சா நல்லா இருக்கும்."

காசுகளை வர்ணித்தே பெயரெடுத்த லென்ஸக்காவுக்கு வார்த்தை வரவில்லை. "மெதுவா பேசுவார்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "நல்லா கேட்பார்," என்றாள். வந்தவர் இன்னும் ஏதோ வருமென்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் செருப்புக்கூடக் கழற்றாமல் நின்றாள். தம்பி மனைவி ஏதோ கேலிக்கு வாயெடுத்தவள், முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவளைத் தரையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு லென்ஸக்கா கேட்டாள்: "அவர் இருக்கிற ஊர்ல இப்ப மணி என்ன இருக்கும்?"

தம்பி மனைவி விரல் விட்டு எண்ணினாள். தப்பாகிவிட்டதுபோல, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"இன்னும் விடியலை அண்ணி. தூங்கிட்டு இருப்பார்."

"எழுந்திருக்கட்டும்," என்றாள் அவள்.