குரங்கணிக் கிளையின் முதல் வழக்கு

வந்திருந்தவர்கள்:
குருவம்மாள், ஏலக்காய் பறிக்கும் தொழிலாளி, சிலமலை.
கண்ணுச்சாமி, எஸ்டேட் சூப்பர்வைசர்.
ஜக்கையன், எஸ்டேட் முதலாளி, இந்தக் கட்டடத்தைக் கொடுத்தவர்.
ரேணுகா, சமரச மையத்தின் செயலாளர், இன்றைய நடுவர்.
மாரீஸ்வரன், எழுதுபவன், குருவம்மாளின் மகன்.

கடைசி இரண்டு சொற்களை அடித்துவிடச் சொன்னார் ரேணுகா அக்கா. அடித்தேன். அதனால் நான் வேறு யாருக்கும் மகனாகிவிடவில்லை.

சொந்தக்காரன் உட்கார்ந்து எழுதக் கூடாது என்பது மையத்தின் விதி. ஆனால் கிளைகள் பெருகிய வேகத்தில் ஆட்கள் பெருகவில்லை. குரங்கணிக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. "நீ எழுது, வாயை மட்டும் தெறக்காதே" என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்.

மையம் தொடங்கியபோது போடியில் உரக்கடை மாடியில் ஒரே ஓர் அறை. கோவையில் ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு வந்து நான் வீட்டில் சும்மா கிடந்த காலம் அது. அக்கா வக்கீலாக இருந்தவர். வாய்தா வாங்கி வாங்கி அலுத்துப்போய் வெளியே வந்தவர். முதலில் வந்தவர்கள் சிலமலையைச் சேர்ந்த அண்ணன் தம்பி. கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டது என்று சண்டை. ஒருவன் மண்வெட்டியோடு மாடி ஏறினான். போகும்போது அதை மறந்து வைத்துவிட்டுப் போனான். அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. பிறகு வரப்புத் தகராறு, புருஷன் பெண்டாட்டி தகராறு, சாக்கடைத் தகராறு எல்லாம் மாடி ஏறின. காசு கிடையாது, அலைச்சல் கிடையாது, உள்ளே பேசியது வெளியே போகாது. ஊருக்கு இது பிடித்திருந்தது. மாடி முழுவதும் எங்களுடையதானது. பொட்டிபுரத்தில் ஒரு கிளை திறந்தோம். எங்கிருந்தோ ஒரு விருது வந்தது. வளர வளர, என்ன வழக்கு என்று அக்கா கேட்பது குறைந்தது. தீர்ந்ததா என்று கேட்பது கூடியது.

அப்போதுதான் ஜக்கையன் தன் பழைய ஸ்டோரைக் கொடுத்தார். பறித்த ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். புது மெஷினை மேலே வேறு இடத்தில் போட்டுவிட்டதால் ரோட்டோரத்தில் இது சும்மா கிடந்தது. அக்கா வெள்ளையடித்தார், பலகை மாட்டினார், முதல் வழக்காக என் அம்மாவை அழைத்தார். அந்த வாசலில் என்ன நடந்தது என்பது மனுவிலேயே எழுதியிருந்தது. இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

நடந்தது இதுதான். பருவத்தின் முதல் பறிப்பன்று பறிக்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு கை காயை மடியில் முடிந்துகொள்வார்கள். இறங்கும்போது ரோட்டு வளைவில் உள்ள வனப்பேச்சி கல்லில் அதை வைப்பார்கள். எல்லா எஸ்டேட்டிலும் உண்டு. கண்ணுச்சாமியே அந்தக் கல்லில் திருநீறு எடுத்துப் பூசுகிற ஆள்தான். போன வருடம் அந்த நாளில் என் அம்மாவை மட்டும் ஸ்டோர் வாசலில் நிறுத்தி மடியை உதறச் சொன்னான். ஊர் திரும்ப ஜீப்பில் ஏறியிருந்த அத்தனை பேரும் பார்க்க உதறினார். காய் விழுந்தது. திருடி என்றான். மற்ற பெண்கள் தங்கள் மடியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விடிகாலையில் சிலமலை ஸ்டாப்பில் ஜீப்புக்காரர் பேச்சிமுத்து, பின்னால் இடம் காலியாகக் கிடக்க, இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஜீப்பும் அப்படியே. ஜீப்பில் ஏற்றாத பெண்ணுக்கு மலையில் வேலை இல்லை. அம்மா அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். எந்த இடத்தில் திருடி என்றானோ அந்த இடத்தில், கேட்டவர்கள் காதில் விழ, அவனே இல்லை என்று சொல்ல வேண்டும்.

கண்ணுச்சாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். முதலில் அக்காவைத்தான் பார்த்தான்.

"இங்கன பேசுறது இந்த ரூமோட போயிரும்லம்மா?"

அக்கா தலையாட்டினார். என் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்.

அதன்பின் அவன் எல்லாவற்றையும் சொன்னான். பேச்சி கல்லுக்கு முடிந்த காய் என்று அவனுக்குத் தெரியும். எடை போடும்போது அம்மா முன்னால் வந்து நின்று தராசு முள்ளைப் பார்ப்பாராம். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் பார்க்கத் தொடங்கினார்களாம். ஒருத்தியை உட்கார வைத்தால் மற்றவர்கள் அடங்குவார்கள் என்றுதான் செய்தானாம். தெரியாமல் செய்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று முடித்தான். தெரிந்து செய்ததைச் சொல்லிவிட்டுத் தெரியாமல் என்கிறான். ஜக்கையன் அலைபேசியில் அன்றைய ஏல விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் எதிரே இல்லாத நேரத்திலும்.

அக்கா உடன்படிக்கையை வாசித்தார். இரு தரப்பாருக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதல் பேசித் தீர்க்கப்பட்டது என்றிருந்தது.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டது யாரு?" என்றார் அம்மா.

அம்மா கண்ணுச்சாமி பக்கம் திரும்பினார். "அன்னைக்கு வாசல்ல வச்சுச் சொன்ன. இன்னைக்கு மூலையில உக்காந்து முனங்குற. எந்திரி, வாசலுக்கு வா."

அவன் சிரித்தான். ஜக்கையன் அலைபேசியை வைத்தார். வெளியே போய்க் கூத்தடிக்கவெல்லாம் என் ஆளை அனுப்ப முடியாது என்றார். அம்மாவுக்கு நாற்றங்காலில் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொன்னார். ஜீப்பெல்லாம் எதற்கு, நடந்தே வந்துவிடலாம் என்று நக்கலும் சேர்த்தார். பிறகு அக்காவிடம் மெதுவாக ஒன்று கேட்டார். தேனியிலிருந்து இந்தக் கிளையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாமே, முதல் வழக்கே தோற்றுப்போனால் எப்படி என்றார்.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "மாரி, அம்மாட்ட நீ பேசுனா கேக்கும். ஒரு கையெழுத்துத்தான். இந்தக் கட்டடம் நின்னா இன்னும் எத்தனை பேருக்கு ஆகும், யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். இவரோடுதான் உரக்கடை மாடியைக் கூட்டிப் பெருக்கினேன். மண்வெட்டிக்கு அஞ்சாமல் நடுவில் போய் நின்றவர். இப்போது ஒரு கட்டடத்துக்கு அஞ்சுகிறார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கண்ணுச்சாமி மேல் இருந்ததைவிட அதிகம். ஏனென்றால் அவனிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

வெளியே வந்தேன். அம்மா படியில் நின்றார். எதிர்த்த டீக்கடையில் பேச்சிமுத்துவின் ஜீப்பு நின்றது. சாயங்காலம் இறங்கும்போது அங்கே நிற்பது வழக்கம். பெண்கள் டம்ளரோடு ரோட்டில் நின்றார்கள். அன்று மடியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே பெண்கள். அம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மகாராணி அத்தை மட்டும் டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாவிடம் நான் கேட்கவில்லை. உள்ளே போனேன்.

அம்மா போடச் சம்மதித்துவிட்டது, ஆனால் உள்ளே வராதாம், நீங்களே தாளைக் கொண்டு போய் நீட்டினால் போட்டுவிடுமாம் என்று கண்ணுச்சாமியிடம் சொன்னேன். சுத்தப் பொய். சொல்லும்போது குரல் நன்றாகவே இருந்தது.

அவன் முதலாளியைப் பார்த்தான். "வெரசா முடிச்சுட்டு வா, சோலி கெடக்கு" என்றார் அவர். அவன் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் படியிறங்கினான்.

பெண்களைக் கண்டதும் நின்றான். அம்மா அவனுக்கு எதிரே வந்தார்.

"உள்ள சொன்னதை இவளுக கேக்கச் சொல்லு."

அவன் திரும்பினான். நான் நிலைப்படியில் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். இதுவரை என்னை ஏலே என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

"மாப்ளே, வழி விடுப்பா" என்றான்.

பின்னால் நாற்காலி தரையில் உரசியது. ஜக்கையன் எழுந்துவிட்டார். அக்கா எழவில்லை. "மாரி, கதவைச் சாத்துனா இந்தக் கிளை இன்னையோட முடிஞ்சுது" என்றார். மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

கண்ணுச்சாமி கதவின் மேல் கை வைத்தான். ஓட வேண்டுமென்றால் அவனுக்கு முழு ரோடும் திறந்து கிடந்தது. ஓடினாலும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். நான் அவன் விரல்களைப் பிடித்து விலக்கினேன். ஸ்டோர் கதவு, கனமானது. உள்ளே நின்று தோளைக் கொடுத்துத் தள்ளிச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினேன்.